ஆறாவது காரணம்

“தரையில் சாக்கு விரித்துக் கீரை விற்றுப் பிழைக்கும் ஏழைப் பெண்களின் வாழ்வாதாரம் இதனால் அடியோடு பாதிக்கப்படும்.” இந்த வாக்கியத்தை எழுதியவன் நான்தான். புதுச் சந்தை வேண்டாம் என்று எங்கள் ஊர் வியாபாரிகள் பேரூராட்சிக்குக் கொடுத்த மனுவில் இது ஆறாவது காரணம். வாசித்துக் காட்டியபோது கூட்டத்திலிருந்த பெரியவர் ஒருவர், “அடியோடு என்று போட்டாய் பார் தம்பி, அங்கேதான் நிற்கிறது” என்று பாராட்டினார். எனக்கும் உள்ளூரக் குளிர்ந்தது. நான்கு மாதமாகிவிட்டது. அந்த ‘அடியோடு’ இப்போது தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கிறது. எத்தனை உருண்டை வெறும் சோறு விழுங்கினாலும் இறங்குவதாக இல்லை.

காரைக்குடியிலிருந்து அரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். பஸ் நிலையம் ஊருக்கு வெளியே போன பிறகு, கடைத்தெருவை ஒட்டியிருந்த பழைய நிலையத் திடல் சும்மா கிடக்கிறது. இரவில் லாரி நிற்கும், பகலில் ஆடு நிற்கும், தேர்தல் வந்தால் மேடை நிற்கும். அங்கே வாரத்தில் மூன்று நாள் காலை, சுற்றுப்பட்டு விவசாயிகளே நேரில் வந்து காய்கறி விற்கும்படி உழவர் சந்தை மாதிரியில் ஒரு சந்தை போடலாம் என்று பேச்சு கிளம்பியது. கொட்டகை, மின்னணுத் தராசு, விலைப்பலகை, விவசாயிகளுக்குப் படம் ஒட்டிய அட்டை. செய்தி வந்த அன்று கடைத்தெருவில் பலசரக்குக் கடையிலிருந்து வளையல் கடை வரை கொதித்தது. வளையல் கடைக்கு ஏன் கொதிப்பு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. காய்கறி வாங்க வருகிற பெண்கள்தான் வளையலும் வாங்குகிறார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

அப்பாவுக்கு முட்டி வலி. எங்கள் காய்கறிக் கடையின் சார்பாகக் கூட்டத்துக்கு நான் போனேன். “எழுதப் படிக்கத் தெரிந்த பையன்” என்று பேனாவை என் கையில் திணித்துவிட்டார்கள். 44 வயதில் பையன் என்று அழைக்கப்படுவதற்கு இனி எனக்கு வேறு எங்கே வாய்ப்பு வரப்போகிறது? உட்கார்ந்து எழுதினேன்.

அரிசிக் கடை மாடியில்

கூட்டம் ஓர் அரிசிக் கடையின் மாடியில் நடந்தது. சாக்கு வாசனை, ஒரே ஒரு மின்விசிறி, முப்பது பேர். முதல் காரணம் போக்குவரத்து நெரிசல். எங்கள் கடைகளுக்குச் சரக்கு இறக்கும் லாரிகள் வராத நாளில் அந்தத் தெருவில் நெரிசல் என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் அதுதான் முதல் காரணம். இரண்டாவது குப்பை. மூன்றாவதில் நியாயம் இருந்தது: நாங்கள் முன்பணம் கொடுத்து, மாத வாடகை கொடுத்து, தொழில்வரியும் உரிமக் கட்டணமும் கட்டி உட்கார்ந்திருக்கிறோம், எதிரே ஒருவருக்கு இடமும் தராசும் இலவசம் என்றால் எப்படி? ஒருவர் ஆவேசத்தில் ஜிஎஸ்டியையும் சேர்க்கச் சொன்னார். பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பது அங்கிருந்த முப்பது பேருக்கும் தெரியும். யாரும் அவரை மறுக்கவில்லை; எழுது என்றும் யாரும் சொல்லவில்லை. நான்காவது, வெளியூர் ஆட்கள் வந்து போவதால் பாதுகாப்புப் பிரச்சினை. வெளியூர் என்றால் ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிற கிராமங்கள்.

ஐந்தாவது சுவையானது. விவசாயி என்ற பெயரில் வியாபாரிகளே அட்டை வாங்கிக்கொண்டு சந்தைக்குள் புகுந்துவிடுவார்கள், எனவே திட்டத்தின் நோக்கமே கெடும் என்பது. இதைச் சொன்னவர் மாடியிலிருந்து இறங்கி டீ குடிக்கும்போது என் காதில், “ஒருவேளை வந்தேவிட்டால் என் மச்சான் பெயரில் அரை ஏக்கர் கிடக்கிறது, அட்டை வாங்கிவிடலாம்” என்றார். அவரைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. மனு எழுதுகிற கையும் அட்டை வாங்குகிற கையும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன என்று வியந்தேன், அவ்வளவுதான்.

இடையில் ஒருவர் திருச்சிக் கதையை எடுத்தார். கள்ளிக்குடியில் புது மார்க்கெட் கட்டி வைத்தார்களே, காந்தி மார்க்கெட் வியாபாரிகள் அசைந்தார்களா என்று. கைதட்டல். பின்வரிசையில் இருந்த செல்போன் கடைப் பையன் (இவன் உண்மையிலேயே பையன்) “சென்னையில் 1996இல் கொத்தவால் சாவடிக் காய்கறி மார்க்கெட்டைக் கோயம்பேட்டுக்கு மாற்றினார்களே, அங்கே யாரும் அழிந்துபோகவில்லையே” என்றான். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவனுக்கு மறுநாளிலிருந்து தெருவில் பழைய வரவேற்பு இல்லை.

ஆறாவது நான் எழுதியது. பெரியவர்களின் காரணங்களில் எல்லாம் பண வாடை அடிக்கிறதே, மனுவுக்கு ஒரு கண்ணீர் வேண்டாமா என்று தோன்றியது. ஏழாவது, ‘இன்னபிற’. மனுவில் இன்னபிற இல்லாவிட்டால் அதற்கு ஒரு முழுமை வருவதில்லை.

பலகையும் நோட்டும்

வியாபாரிகளைப் பேராசைக்காரர்களாக வரைந்துவிட்டுப் போவது எளிது. நான் அந்தக் கல்லாவின் காசில் படித்தவன். அப்பா 31 ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கிறார். ஒட்டன்சத்திரத்திலிருந்து வரும் லாரி அதிகாலை மூன்றரைக்குச் சரக்கு இறக்கும். நான்கு மணிக்கு அவர் தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் நசுங்கியதைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருப்பார். ஒரு பெட்டியில் எவ்வளவு அழுகும் என்பதைப் பெட்டியைத் தூக்கும்போதே சொல்லிவிடுவார். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதே, அந்த மாதம் முழுக்க அவர் தெரிந்த வீடுகளுக்குக் கடனில் தக்காளி கொடுத்தார். “தக்காளி இல்லாமல் ரசம் வைக்கச் சொல்ல முடியுமா?” என்பது அவர் வாதம். அந்த மாதத்துக் கணக்கில் சில இன்னும் நோட்டில் நிற்கின்றன.

எங்கள் பக்கத்தில் மண்டி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து வைக்கும் வெண்டைக்காய் மண்டி ஒன்று. விவசாயி சரக்கைக் கொண்டுவந்து போட்டு, கமிஷன் போக மிச்சத்தை வாங்கிப்போகும் மண்டி இன்னொன்று. இரண்டும் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும். மகள் சடங்குக்கோ மோட்டார் பழுதுக்கோ மண்டிக்காரர் முன்பணம் கொடுத்திருப்பார். அதனால் கத்திரிக்காயை வேறெங்கும் கொண்டுபோக முடியாது. கொண்டுபோகக் கூடாது என்று யாரும் எழுதி வாங்கவில்லை. ஆனாலும் போகமாட்டார்கள். அவசரத்துக்கு நள்ளிரவில் தட்டினால் திறக்கிற கதவு அது ஒன்றுதான் என்று அவர்களுக்குத் தெரியும். கயிறு என்று சொன்னால் கயிறு, கைத்தாங்கல் என்று சொன்னால் கைத்தாங்கல்.

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். அடுத்த மாதமே அப்பா பஸ் ஏறிப்போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். தொழில்காரருக்கு இருக்கிற ஆவல். இலவச இடத்தைப் பற்றியோ மூட்டைக்கு பஸ்ஸில் கட்டணம் இல்லை என்பதைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. “விலையைப் பலகையில் எழுதிப்போட்டுவிடுகிறார்கள்” என்றார், யார் வீட்டுச் சண்டையோ தெருவில் கேட்டுவிட்டவர் மாதிரி. மொத்த விலைக்குச் சற்று மேலே, சில்லறை விலைக்குச் சற்றுக் கீழே, அன்றன்று காலையில் முடிவு செய்து எழுதுகிறார்கள். அப்பாவின் கடையில் இன்றுவரை விலைப்பலகை கிடையாது. ஒரே கத்திரிக்காய்க்கு மூன்று விலை உண்டு. பேரம் பேசுகிறவருக்கு ஒன்று, பேசாதவருக்கு ஒன்று, கையில் காசில்லாதவருக்கு ஒன்று. மூன்றாவதுதான் மிகக் குறைவு என்பதை அவர் வெளியில் சொல்வதில்லை. இரண்டாவதுதான் மிக அதிகம் என்பதையும் சொல்வதில்லை.

கூட்டத்தில் ஒருவர்கூடப் பலகையைப் பற்றிப் பேசவில்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். ஏழு காரணங்களிலும் அது இல்லை.

“அது யார், ஏழைப் பெண்கள்?”

எங்கள் கடைப் படியில் 19 ஆண்டுகளாக ஒருவர் கீரை விற்கிறார். எல்லோருக்கும் ‘கீரைக்கார ஆத்தா’. புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்தவர். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்துக் கற்றுக்கொண்டார், சைக்கிளும் கற்றுக்கொண்டார். படிக்கப் புத்தகமோ நேரமோ வாய்க்காமல் எழுத்து மறந்துபோயிற்று. கையெழுத்தும் சைக்கிளும் மட்டும் மறக்காமல் தங்கிவிட்டன. இந்த வயதிலும் பின்னால் ஈரச்சாக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில்தான் வருகிறார். படியில் சாக்கு விரித்து அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை என்று பிரித்து அடுக்குவார். அமாவாசைக்கு அகத்தி இருக்கும். முதல் கட்டு எங்கள் வீட்டுக்கு. அதை வாடகை என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. இப்போதுதான் கணக்குப் பார்த்தேன், இன்றைய விலைக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய்க்கு மேல் வருகிறது.

மனுவுக்குத் தெருவில் கையெழுத்து வாங்கப் போனவனும் நான்தான். அவரிடமும் நீட்டினேன். “எதற்குத் தம்பி?” என்றார். “கடைத்தெரு நல்லதுக்கு ஆத்தா” என்றேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு எழுத்தெழுத்தாகப் பெயரை எழுதினார். சரியாகத் துடைபடாத விரல் காகிதத்தில் ஒரு பச்சைக் கறையை வைத்தது. மனுவில் இருக்கும் 112 கையெழுத்துகளில் கறை உள்ளது அது ஒன்றுதான்.

மூன்று நாள் கழித்து, கூட்டம் குறைந்த பத்தரை மணிக்கு, “அன்றைக்குக் கையெழுத்து வாங்கினாயே, அதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. யாரோ பழைய பஸ் நிலையத்தில் சந்தை வரப்போகிறது என்று சொல்லியிருக்கிறார்கள், அதுவும் இதுவும் ஒன்றா என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். எழுத்தாளன் கர்வம் விடவில்லை, முழுதும் வாசித்தேன். ஆறாவதுக்கு வந்தபோது குரலைக்கூடக் கொஞ்சம் இறக்கி உருக்கமாக வாசித்ததாக நினைவு.

“அது யார், ஏழைப் பெண்கள்?”

“நீங்கள்தான் ஆத்தா.”

கீரை மேல் தண்ணீர் தெளித்தார். “பாதிக்கப்படும் என்றால்?”

“உங்கள் வியாபாரம் போய்விடும் என்று அர்த்தம்.”

“ஏன் போகிறது? அங்கே என்னை உட்கார விடமாட்டார்களா?”

“அது விவசாயிகள் மட்டும் உட்காருகிற இடம்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “விதை போடுவது நான். கிணற்றில் இறைத்து ஊற்றுவது நான். விடியுமுன் அறுத்துக் கட்டுவது நான். அப்புறம் நான் யார் தம்பி?”

19 ஆண்டுகளாக அவர் கீரை வாங்கி விற்கிறார் என்றே நினைத்திருந்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைப்படியில் உட்கார்ந்தவர் கடைக்காரர் வகை என்று மனம் தானாக ஒரு பெட்டியில் போட்டுவிட்டது. எந்தச் சந்தை அவருக்காகவே வருகிறதோ அந்தச் சந்தையை எதிர்த்து, அவருடைய பெயராலேயே அழுது, அவரிடமே கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து ஓர் அம்மா வந்து முளைக்கீரை இருக்கிறதா என்றார். அந்த வியாபாரம் முடிகிற வரைக்கும் எனக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது.

பெயரை அடித்துவிடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. “போட்டது போட்டதாகவே இருக்கட்டும். முதலாளி மனம் கோணக் கூடாது” என்றார். பிறகு, எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல், கட்டுகளை அடுக்கிக்கொண்டே எண்ணத் தொடங்கினார். இங்கே நிழல் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் இருக்கிறது. விற்காத கட்டை உள்ளே ஈரச்சாக்குக்கு அடியில் வைத்துச் சாயங்காலம் விற்கலாம், அங்கே மதியத்தோடு கடையைக் கட்டச் சொன்னால் வாடினதை என்ன செய்வது? மகள் பிரசவத்துக்கு முதலாளியிடம் வாங்கியதில் இன்னும் 6,000 ரூபாய் நிற்கிறது. கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: “வாரத்தில் மூன்று நாள் அங்கே போய் உட்கார்ந்தால், மீதி நாலு நாளைக்கு இந்தப் படி எனக்கு இருக்குமா?”

அப்பா உள்ளே முக்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தின் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கியது. அன்று இரவு சாப்பிடும்போது, “அந்த அம்மா கேட்டது என்னை. நீ எதற்கு விழித்தாய்?” என்றார். பதில் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அன்றைய பொரியல் சிறுகீரை.

பதினொரு பங்கு

அடுத்த வாரம் பரிகாரம் தேடுகிற வேகத்தில் கிளம்பினேன். சந்தைக்கு விவசாயிகள் பட்டியல் எடுக்கிறார்கள் என்று தெரிந்து ஒரு விண்ணப்பம் வாங்கிவந்தேன். நிரப்ப உட்கார்ந்தபோதுதான் அவர் எங்கே பயிர் செய்கிறார் என்ற கேள்வியே எழுந்தது. “வா, காட்டுகிறேன்” என்று கூட்டிப்போனார்.

இரண்டு தெரு தள்ளி, முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாகப் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் ஒன்று. வளவு, பட்டாலை எல்லாம் தாண்டி, பின்கட்டுக்கும் கடைசிக் கதவுக்கும் நடுவே திறந்தவெளி. நல்ல கிணறு. ஒரு காலத்தில் கல்யாணத்துக்கு அண்டா கழுவிய இடம். அதில் சுமார் பத்து சென்ட் அளவுக்குப் பாத்தி பாத்தியாகக் கீரை. பறித்துவிட்ட சிறுகீரைப் பாத்தியில் மறுவிதைப்பு, அறுத்த அரைக்கீரைக் கட்டையில் புதுத் துளிர், சுவரோரம் அகத்தி. அவருடைய வீட்டுக்காரர் அந்த வீட்டுக்குக் காவல் இருந்தவர். அவர் போன பிறகும் ஆத்தா முகப்பைப் பெருக்குகிறார், வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறார், முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கு வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து இறங்கும்போது வீட்டைக் கழுவிவிடுகிறார். பதிலுக்குப் பின்கட்டு மண்ணும் கிணறும். எழுத்து எதுவும் இல்லை.

விண்ணப்பத்தில், நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா கேட்கிறார்கள். குத்தகை என்றால் அதற்கு எழுத்து கேட்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலரின் சான்று கேட்கிறார்கள். இது மனையிடம், வேளாண் நிலமே இல்லை. தெருவோர வியாபாரி என்று வைத்துக்கொண்டாலோ, 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு ஓர் அட்டை உண்டு. முன்பு கணக்கெடுக்க வந்தவர்கள், “இவர் உட்கார்ந்திருப்பது உங்கள் கடைப் படி, தெரு இல்லையே” என்று சொல்லிவிட்டு அடுத்த தள்ளுவண்டிக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் விளைவிப்பதால் விவசாயி இல்லை, கடைக்கு முன்னால் விற்பதால் வியாபாரி இல்லை.

அந்த வீட்டுப் பங்குக்காரர்களில் ஒருவரான, சென்னையில் இருக்கும் ஆச்சியிடம் போனில் பேசினேன். அன்பாகத்தான் பேசினார்கள். “எழுத்து என்று வந்துவிட்டால் பதினொரு பங்குக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும் அப்பா. இரண்டு பேர் சிங்கப்பூரில், ஒருவரோடு பேச்சே இல்லை. எதற்கு வம்பு? அவள் பாட்டுக்குக் கீரை போடட்டும். யார் வேண்டாம் என்றது?”

யார் வேண்டாம் என்றது? இந்தத் தொனியை எனக்கு நன்றாகத் தெரியும். படியைப் பற்றிக் கேட்டால் அப்பாவும் இப்படித்தான் சொல்வார். முன்பணம் கொடுத்த மண்டிக்காரரும் இப்படித்தான் சொல்வார். எங்கள் கடைத்தெரு முழுக்க இந்த வாய்ச்சொல்லின் மேல்தான் நிற்கிறது. அதில் பொய் கிடையாது. 19 ஆண்டுகளாக ஒருவரும் ஆத்தாவை எழுந்திரு என்று சொன்னதில்லை. ஆனால் அவர் எழுந்து ஓர் எட்டு நகர்ந்து திரும்பி வந்தால் இடம் இருக்கும் என்றும் யாரும் சொன்னதில்லை. பலகையும் அட்டையும் வைத்த சந்தைக்கோ வாய்ச்சொல் காதில் விழாது. நான் எதிர்த்து எழுதியது தவறு என்று தெரிந்துவிட்டது. ஆதரித்து எழுதலாம் என்றால் எந்தக் கட்டத்தில் அவரை எழுதுவது என்று தெரியவில்லை.

மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. திடலில் கொட்டகைக்காகச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள், போன வார மழையில் பாதி அழிந்துவிட்டது. என் கையெழுத்தை மட்டும் விலக்கிக்கொள்வதாக ஒரு கடிதம் கொடுத்தேன். அதனால் செல்போன் கடைப் பையனுக்கு இப்போது தெருவில் ஒரு துணை கிடைத்திருக்கிறது. விண்ணப்பம் எங்கள் கல்லா மேசையில் பழைய இரண்டு கிலோ படிக்கல்லுக்கு அடியில் இருக்கிறது. பெயர், வயது, பயிர் மூன்றும் பேனாவில் எழுதியாகிவிட்டது. பயிர் என்ற கட்டத்தில் அவர் சொல்லச் சொல்ல ஒன்பது வகைக் கீரை எழுதியதில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுத வேண்டியதாயிற்று. நிலத்தின் சர்வே எண் என்ற கட்டத்தில், பென்சிலால், அந்த வீட்டின் கதவு எண்ணை எழுதி வைத்திருக்கிறேன்.